சாஃப்ட்வேர் போட்டதும் வைஃபை போச்சா? அறிகுறியைப் பார்த்து லேப்டாப்பைச் சரிசெய்யும் வழி

"அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு வைஃபையே காட்டலணா."

காட்பாடியில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன புகார் இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கடைசியா இன்னா இன்ஸ்டால் பண்ண?" ஒன்றுமே பண்ணவில்லை என்றுதான் முதலில் பதில் வரும். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். லேபுக்காக விர்ச்சுவல்பாக்ஸ் போட்டது, வயர்ஷார்க் போட்டது, இலவச விபிஎன், "உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன" என்று பயமுறுத்திய ஒரு புரோகிராம், ஆன்ட்டிவைரஸ் மாற்றியது, அப்டேட் பாதி ஓடும்போது கரண்ட் போனது. இதில் எதுவுமே வைஃபை கார்டை எரித்துவிடாது. கார்டு நன்றாகவே இருக்கும், அதை ஓட்டுகிற மென்பொருள்தான் கலைந்திருக்கும். அதனால் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து பார்க்கும் முன்பே "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது கடைசி வழி.

கீழே உள்ள மெனு பெயர்கள் விண்டோஸ் 11-க்கானவை. 10-ல் ஒன்றிரண்டு இடம் மாறும், கண்டுபிடித்துவிடலாம். உபுண்டு வைத்திருப்பவர்கள் கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போய்விடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் லேப்டாப்புக்கு எப்படியாவது நெட் கொடுங்கள். டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று பலர் இங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் இருக்கும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். வைஃபை டிரைவர் இல்லாமலே நெட் வந்துவிடும். டெதரிங் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறதா? கேபிளை மாற்றுங்கள். பெட்டிக்கடையில் வாங்கிய கேபிள்கள் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது. ஐபோன் என்றால் ஆப்பிளின் டிரைவர் லேப்டாப்பில் முன்பே இருக்க வேண்டும். இல்லையென்றால் அரை மணி நேரத்துக்கு யாரிடமாவது ஆண்ட்ராய்டு போன் கடன் வாங்குவது சுலபம்.

அடுத்தது பிட்லாக்கர். புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. பயாஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) எதையாவது மாற்றினால் நீலத்திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். போனிலேயே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். வைஃபையைச் சரிசெய்யப் போய் ஃபைல்களையெல்லாம் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய் தேதி வாரியாக அடுக்குங்கள். வைஃபை போன நாளில் என்ன ஏறியது என்று அங்கேயே தெரியும். விண்டோஸ் அப்டேட்டில் அப்டேட் ஹிஸ்டரியையும் ஒரு பார்வை பாருங்கள், டிரைவர் அப்டேட் தனித் தலைப்பில் இருக்கும். குற்றவாளி இங்கேயே கிடைத்துவிட்டால் அதை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். பாதி வழி நடக்காமலே வேலை முடியலாம்.

அறிகுறி 1: வைஃபை பட்டனே காணோம்

டாஸ்க்பாரில் வைஃபை விசிறி இருந்த இடத்தில் உருண்டை பூமிப் படம் நிற்கும். செட்டிங்ஸில் வைஃபை என்ற வரியே இருக்காது.

*காசு செலவில்லாத சோதனைகள்.* ஏரோப்ளேன் மோட் ஆனில் இருக்கிறதா? கீபோர்டின் மேல் வரிசையில் ஆன்டெனா அல்லது விமானப் படம் போட்ட சாவியை, எஃப்என்-ஐ அழுத்திக்கொண்டு ஒருமுறை தட்டுங்கள். பழைய மாடல்களில் பக்கவாட்டில் நகர்த்துகிற சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும், பையில் வைத்து எடுக்கும்போது தள்ளிக்கொண்டிருக்கலாம்.

அதுவும் சரி என்றால் லேப்டாப்பின் கரண்ட்டை முழுதாக வடிய விடுங்கள். வெறும் ஷட் டவுன் போதாது. ஷிஃப்ட் சாவியை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். பாதியில் நின்ற அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போன கார்டு இந்த ஒரே வேலையில் திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

*சர்வீஸ் நின்றிருக்கிறதா?* ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் என்ற வரியைப் பாருங்கள். ரன்னிங் என்று இருக்க வேண்டும். டிசேபிள்டு என்று இருந்தால் இரட்டைக் கிளிக் செய்து ஸ்டார்ட்டப் டைப்பை ஆட்டோமேட்டிக் ஆக்கி, அப்ளை, அப்புறம் ஸ்டார்ட். கணினியை வேகமாக்குகிறேன் என்று வருகிற கிளீனர் புரோகிராம்கள் இதை நிறுத்திவைப்பது வழக்கம். அந்தப் புரோகிராமையும் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி நிறுத்தும்.

*டிவைஸ் மேனேஜர்.* விண்டோஸ் சாவியோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கிறது. அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். இங்கிருந்து வழி மூன்றாகப் பிரியும்.

கார்டின் பெயர் இருக்கிறது, மேலே மஞ்சள் முக்கோணம் நிற்கிறது என்றால் டிரைவர் தப்பு. பெயரை இரட்டைக் கிளிக் செய்தால் கோட் 10 அல்லது 43 என்று எழுதியிருக்கும். டிரைவர் டேபில் ரோல் பேக் டிரைவர் அழுத்த முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அழுத்திவிட்டு ரீஸ்டார்ட். மங்கலாக இருந்தால் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக் என்ற வழியில் போங்கள். அங்கே ஒரே கார்டுக்குப் பல தேதியில் டிரைவர்கள் வரிசையாக இருக்கும். இப்போது ஓடுவதைவிடப் பழையதைத் தேர்ந்தெடுங்கள். புதியது எப்போதும் நல்லது என்ற எண்ணத்தை இந்த இடத்தில் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். இதுவும் எடுபடவில்லையா? அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, டிரைவரையும் நீக்கு என்ற கட்டத்தில் டிக் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிய டிரைவரைப் போடுங்கள். இறக்கி வைத்த பிறகு அன்இன்ஸ்டால் செய்யுங்கள், முன்னால் வேண்டாம்.

கார்டின் பெயர் இல்லை, ஆனால் அதர் டிவைசஸ் என்பதன் கீழ் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று மஞ்சள் குறியோடு ஒன்று நிற்கிறது என்றால் கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டவர்களிடம் அதிகம் பார்ப்பது இதுதான். எந்தக் கார்டு என்று தெரியவில்லையா? ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் டேப், ஹார்டுவேர் ஐடிஸ். அங்கே வி-இ-என் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பிறகு வரும் நான்கு குறிகளைப் பாருங்கள். 8086 என்றால் இன்டெல். 10இசி ரியல்டெக். 14இ4 பிராட்காம். 168சி குவால்காம் ஆத்தெரோஸ். 14சி3 மீடியாடெக். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு, இந்தப் பெயருக்கு உள்ள டிரைவரை எடுங்கள். போன் டெதரிங் இருந்தால் விண்டோஸ் அப்டேட்டே பெரும்பாலும் தேடிக்கொண்டு வந்துவிடும். டிரைவர் பேக், டிரைவர் பூஸ்டர் என்று தேடலில் முதலில் வந்து நிற்பவற்றைத் தொடாதீர்கள். இருக்கிற சிக்கலோடு நாலு விளம்பரப் புரோகிராமும் சேர்ந்துகொள்ளும்.

அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப் இன்னும் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்து வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸும், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த லேப்டாப் அது. தம்பி தங்கைக்காக அதில் விண்டோஸ் 10 போட்டதும் வைஃபை போய்விடுவது சகஜம். 10-க்கென்று டிரைவர் கிடைக்காவிட்டால் விண்டோஸ் 8.1-க்கான டிரைவரை இறக்கி, செட்டப் ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி டேபில் விண்டோஸ் 8 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். ஏறிவிட்டால் சந்தோஷம். ஏறாவிட்டால் அந்த லேப்டாப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகிவிடுங்கள்.

மூன்றாவது பிரிவு: நெட்வொர்க் அடாப்டர்ஸிலும் இல்லை, அதர் டிவைசஸிலும் இல்லை. வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் கொடுங்கள். கார்டின் பெயர் மங்கலாகத் தெரிந்தால், முன்பு பார்த்த கார்டை இப்போது விண்டோஸால் பார்க்க முடியவில்லை என்று பொருள். பவர் பட்டன் வேலையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள். பயாஸுக்குள் போய் வயர்லெஸ் அல்லது டபிள்யூலேன் எனேபிள்டு என்று இருக்கிறதா பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் மென்பொருள் கதை முடிந்தது. நேராக கடைசிப் பகுதிக்கு வாருங்கள்.

அறிகுறி 2: வைஃபை பெயர்கள் தெரிகின்றன, கனெக்ட் ஆகவில்லை

உங்கள் வைஃபையின் பெயரை ஃபர்கெட் கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். அடிக்கும்போது கண் படத்தை அழுத்தி எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரமும் தேதியும் சரியா? விண்டோஸ் புதிதாகப் போட்டதும் நேர மண்டலம் அமெரிக்காவில் நிற்பது உண்டு. வீட்டு வைஃபைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டும் கேட்கிற காலேஜ் வைஃபை, தேதி தப்பாக இருந்தால் சர்டிஃபிகேட்டை ஒத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளிவிடும்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. சில ஹாஸ்டல்களில் லேப்டாப்பின் மேக் அட்ரஸை (வைஃபை கார்டின் அடையாள எண்) பதிவு செய்தால்தான் நெட் வரும். விண்டோஸ் மாற்றிய பிறகு ரேண்டம் ஹார்டுவேர் அட்ரசஸ் ஆனில் இருந்தால், லேப்டாப் வேறு முகவரியைக் காட்டும், பதிவில் இல்லாத ஆள் என்று சர்வர் தடுத்துவிடும். செட்டிங்ஸில் வைஃபை பகுதியில் அதை ஆஃப் செய்யுங்கள். டாங்கிள் வாங்கிப் போட்டாலும் இதே சிக்கல்தான், டாங்கிளின் முகவரி வேறு. வார்டன் ஆபீசிலோ காலேஜ் நெட்வொர்க் பிரிவிலோ புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் புது ரூட்டர், பழைய லேப்டாப் என்றால் ரூட்டரின் செக்யூரிட்டி டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம். டபிள்யூபிஏ2-ம் சேர்ந்த கலவைக்கு மாற்றச் சொல்லி ஃபைபர்காரரிடம் கேளுங்கள். போனிலேயே மாற்றிக் கொடுப்பார்.

அறிகுறி 3: கனெக்டட் என்கிறது, நெட் வரவில்லை

அதே வைஃபையில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். போனிலும் வரவில்லையா? லேப்டாப்பை விட்டுவிடுங்கள், ரூட்டரை அணைத்து ஆன் செய்யுங்கள், ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

*ப்ராக்ஸி.* நெட்டுக்குப் போகும் வழியில் நடுவில் நிற்கும் சர்வர் இது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. மேனுவல் ப்ராக்ஸி ஆனில் இருந்தால் அணையுங்கள். இலவச விபிஎன்களும் கிராக் செய்த சாஃப்ட்வேர்களும் தாங்கள் போன பிறகும் இதை விட்டுவிட்டுப் போகும். நீங்கள் அணைத்தும் ரீஸ்டார்ட்டுக்குப் பின் தானாக ஆன் ஆகிறதென்றால் உள்ளே ஏதோ குடியிருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள்.

*விபிஎன்.* கில் சுவிட்ச் என்ற வசதி இருக்கும் விபிஎன்கள், விபிஎன் இணையாதபோது மொத்த நெட்டையும் அடைத்துவிடும். புரோகிராமைத் திறந்து அதை அணைத்துவிட்டுத்தான் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

*எண்கள்.* வைஃபை ப்ராபர்ட்டீஸில் ஐபி அசைன்மென்ட், டிஎன்எஸ் அசைன்மென்ட் இரண்டும் ஆட்டோமேட்டிக் என்று இருக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனி ஆபீஸ்களில் டாலி கணக்கு மென்பொருளுக்காக லேப்டாப்புக்கு நிலையான ஐபி கொடுத்திருப்பார்கள். அதே லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வந்தால் நெட் வராது, இது பழுதே கிடையாது. ஆபீஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு வீட்டு வைஃபைக்கு மட்டும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

*ஒட்டிக்கொண்ட டிக்குகள்.* இந்த இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ். வைஃபையின் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ். ஒரு நீளப் பட்டியல் திறக்கும். அதில் கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ், இன்டர்நெட் புரோட்டோகால் 4, 6 போன்றவை விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள், அவற்றைத் தொட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் பிரிட்ஜ்டு, வயர்ஷார்க்கோடு வரும் என்பிகேப், ஏதாவது ஆன்ட்டிவைரஸ் பெயரோடு ஃபில்டர் என்று இருப்பவை பின்னால் வந்தவை. ஒன்றின் டிக்கை எடுத்து ஓகே கொடுங்கள், நெட் வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்தால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். பெயர் தெரிந்ததும் அந்தப் புரோகிராமின் புதிய பதிப்பைப் போடுங்கள், தேவையில்லையென்றால் நீக்குங்கள்.

அந்தப் பட்டியலில் ஐபி வரிகளில் டிக்கே இல்லாமல், ஹைப்பர்-வி எக்ஸ்டென்சிபிள் விர்ச்சுவல் சுவிட்ச் என்பதில் மட்டும் டிக் இருந்தால் கையால் மாற்றாதீர்கள். யாரோ ஹைப்பர்-வியில் (விண்டோஸுக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வசதி) வைஃபையை எக்ஸ்டர்னல் சுவிட்சாக இணைத்திருக்கிறார்கள். ஹைப்பர்-வி மேனேஜரைத் திறந்து அந்த சுவிட்சை நீக்கினால் வைஃபை பழைய நிலைக்கு வரும்.

*நெட்வொர்க் ரீசெட்.* மேலே உள்ள எதுவும் எடுபடாதபோது, அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் அடியில் இருக்கிறது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அழிந்துபோகும், விபிஎன் அமைப்பும் போகும். எழுதி வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

*சிஸ்டம் ரெஸ்டோர்.* ரிகவரி என்று தேடினால் வரும். சாஃப்ட்வேர் போட்ட தேதிக்கு முந்தைய ரெஸ்டோர் பாயின்ட் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். புரோகிராம்களும் டிரைவர்களும்தான் பின்னுக்குப் போகும், படங்கள், டாகுமென்ட்கள் அப்படியே இருக்கும். ஓடும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும். மின்தடை நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

அறிகுறி 4: வருகிறது, அறுந்து அறுந்து போகிறது

டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராபர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் டேப். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஆங்கிலத்தில் இருக்கும் வரியின் டிக்கை எடுங்கள். புது டிரைவர் ஏறும்போது இந்த டிக் திரும்ப வந்துவிடலாம்.

நீங்கள் நல்ல டிரைவர் போட்ட பிறகும் சில நாளில் மறுபடி அறுந்தால், விண்டோஸ் அப்டேட் தன் டிரைவரை மேலே ஏற்றியிருக்கும். ரோல் பேக் செய்து, அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள்.

வேகம் மட்டும் குறைவு என்றால் டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் நெடுவரிசையைப் பாருங்கள். புதிதாகப் போட்ட கேம் லாஞ்சர் பின்னால் பல ஜிபி இறக்கிக்கொண்டிருக்கலாம். லேப்டாப் சுடும்போது மட்டும் அறுகிறதா? வேலூர் வெயிலில், கத்திரி நாட்களில், மெத்தைமேல் வைத்து ஓட்டினால் எந்த டிரைவரும் உதவாது. மேஜைக்கு மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி 5: உபுண்டுவில் அப்டேட்டுக்குப் பின் வைஃபை இல்லை

லேப்டாப் ஆன் ஆகும்போது க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய கெர்னலை (உபுண்டுவின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால் புதுக் கெர்னலுக்கு டிரைவர் சேரவில்லை என்பது உறுதி. போன் டெதரிங்கோடு அடிஷனல் டிரைவர்ஸ் திறந்து, அங்கே காட்டுவதைப் போடுங்கள். பிராட்காம் கார்டுகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

அப்டேட் பாதியில் நின்றிருந்தால் டெர்மினலில் அடிக்க வேண்டியதைப் போனில் சொல்வது மாதிரியே சொல்கிறேன்: சூடோ, இடைவெளி, டி பி கே ஜி, இடைவெளி, இரண்டு கோடு ஒட்டி கான்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு ஒட்டி ஏ. பாக்கி வேலையை அதுவே முடிக்கும்.

டிரைவர் ஏறியும் ஓடவில்லையா? செக்யூர் பூட் ஆனில் இருக்கும் லேப்டாப்பில் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வந்து என்ரோல் மோக் என்று கேட்கும். அவசரத்தில் கன்டினியூ அழுத்திவிட்டால் டிரைவர் ஓடாது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டு, இந்த முறை என்ரோல் கொடுங்கள்.

கடைக்குப் போக வேண்டிய கட்டம்

பயாஸிலும் டிவைஸ் மேனேஜரிலும் கார்டு இல்லை. லேப்டாப்பில் தண்ணீரோ டீயோ கொட்டிய பிறகு ஆரம்பித்த பழுது. கோட் 10, நல்ல டிரைவர் போட்டும் போகவில்லை. இந்த மூன்றில் எதுவென்றாலும் கடைதான். வாரன்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு. ஆன்டெனா வயரின் நுனி கடுகளவு பித்தளை வளையம், ஒருமுறை நசுங்கினால் கார்டு நல்லதாக இருந்தும் சிக்னல் வராது. வீட்டில் பழகிப் பார்க்கிற இடமில்லை அது.

கார்டு மாற்றும் முன் ஐந்நூறு ரூபாய் சுற்றில் கிடைக்கும் டாங்கிளைச் செருகிப் பாருங்கள். அதில் நெட் ஓடினால் விண்டோஸ் சரி, கார்டுதான் போயிருக்கிறது. டாங்கிளிலேயே காலத்தை ஓட்டுபவர்களும் உண்டு, தப்பில்லை. மாற்றத்தான் வேண்டுமென்றால் எல்லா கார்டும் எல்லா லேப்டாப்புக்கும் ஆகாது. இன்டெல் ஏஎக்ஸ்201, 211 ஆகியவை இன்டெல் பிராசசர் லேப்டாப்பில்தான் ஓடும். ஏஎக்ஸ்210 ஏஎம்டியிலும் ஓடும். சில பழைய மாடல்கள் கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காமல் ஆன் ஆகும்போதே எரர் காட்டும். மெல்லிசான சில லேப்டாப்களில் கார்டு போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே டாங்கிள் ஒன்றே வழி.

கொடுக்கும்போது கடைசியாக எந்த சாஃப்ட்வேர் ஏறியது, மேலே எதுவரை செய்து பார்த்தீர்கள், டிவைஸ் மேனேஜரில் என்ன கோட் வந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி லேப்டாப்மேல் ஒட்டிவிடுங்கள். "என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க" என்பதையும் அதிலேயே எழுதி, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.